பங்குத்தந்தையின் பணிமாற்றம்: சட்டப்படி நடப்பது என்ன?

பங்குத்தந்தைக்கு, அதாவது ஓர் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் பொறுப்பில் உள்ள குருவுக்கு, மாற்றல் வந்துவிட்டது என்ற அறிவிப்பு ஞாயிறு திருப்பலியின் முடிவில் வாசிக்கப்பட்டதும், கோயில் வாசலிலேயே மூன்று விதமான பேச்சு கிளம்பிவிடும். ஆயருக்கு இவர்மேல் ஏதோ கோபம், அதனால்தான் தூக்கிவிட்டார் என்பார் ஒருவர். பங்குமக்கள் அனைவரும் கையெழுத்திட்டு அனுப்பினால் ஆணையை நிறுத்திவிடலாம் என்பார் அடுத்தவர். சாமியார் போகமாட்டேன் என்று உறுதியாக நின்றுவிட்டால் யாராலும் அசைக்க முடியாது என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் மூன்றில் எதுவும் நடப்பதைச் சரியாகச் சொல்வதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபைக்கென்று எழுதப்பட்ட சட்டத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்களுக்கு இப்போது நடைமுறையில் உள்ள தொகுப்பைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983ஆம் ஆண்டு சனவரி 25 அன்று வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பர் 27 முதல் அது செயலுக்கு வந்தது. கீழை வழிபாட்டு முறைத் திருச்சபைகளுக்கு 1990இல் வெளியான தனித் தொகுப்பு உண்டு. அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஒரு குரு ஒரு பங்கிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி மாற்றப்படுகிறார் என்பதை 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு படிப்படியாக வகுத்திருக்கிறது. பலரும் அறியாத செய்தி என்னவென்றால், அத்தொகுப்பின் கடைசிச் சட்டமான 1752ஆம் எண்ணே பங்குத்தந்தையின் பணிமாற்றத்தைப் பற்றியதுதான்.

குருத்துவம் வேறு, பதவி வேறு

தலைமையாசிரியர் ஒருவர் வேறொரு பள்ளிக்கு மாற்றப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெற்ற பட்டமும் ஆசிரியர் என்ற தகுதியும் அவரோடு போகின்றன. ஆனால் பழைய பள்ளியின் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் அந்த நாற்காலியிலேயே தங்கிவிடுகிறது. அடுத்து வந்து அமர்பவர் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். பங்குத்தந்தையின் நிலையும் இந்த அளவில் இப்படித்தான். குருத்துவத் திருநிலைப்பாட்டினால் அவர் பெற்றது எந்த மாற்றத்தாலும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாறுவது பதவி. திருச்சபைச் சட்டத்தில் பதவி என்பது ஓர் ஆன்மிக நோக்கத்துக்காக நிலையாக ஏற்படுத்தப்பட்ட பொறுப்பையும், அப்பொறுப்போடு சேர்ந்து வரும் உரிமைகளையும் கடமைகளையும் குறிக்கும்.

அந்தப் பதவி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பும் மக்களும் சேர்ந்தது மறைமாவட்டம். அதற்குள் நிலையாக அமைக்கப்பட்ட நம்பிக்கையாளர் குழுமம் பங்கு. பங்கை உருவாக்கவோ, பிரிக்கவோ, கலைக்கவோ ஆயரால் மட்டுமே முடியும். அதுவும் மறைமாவட்டக் குருக்களின் சார்பாளர்கள் கூடும் குருக்கள் மன்றத்தைக் கேட்ட பிறகே முடியும். சட்டப்படி அமைக்கப்பட்ட பங்குக்குத் தனக்கென ஒரு சட்ட ஆளுமை உண்டு, அதாவது தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் உடன்படிக்கை செய்யவும் அதனால் இயலும். அந்தப் பங்கின் மேய்ப்புப்பணியை, ஆயரின் அதிகாரத்தின்கீழ், அதன் சொந்த மேய்ப்பராக நின்று நடத்துபவரே பங்குத்தந்தை. உதவிப் பங்குத்தந்தை அவருடைய உடனுழைப்பாளர்; அவரும் குருவே, ஆனால் அவர் வகிப்பது வேறு பதவி.

ஒப்புமை இத்துடன் நின்றுவிடுகிறது. தலைமையாசிரியர் பணியிலிருந்து விலகி வேறு வேலைக்குப் போகலாம். குருவோ, குருத்துவத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாளிலிருந்தே ஒரு மறைமாவட்டத்தோடோ ஒரு துறவற சபையோடோ சட்டப்படி இணைக்கப்பட்டவர். எதனோடும் இணைக்கப்படாமல் தன்போக்கில் திரியும் குரு என்று ஒருவர் இருக்கவே கூடாது என்கிறது சட்டம். அத்துடன், திருநிலைப்பாட்டுத் திருப்பலியில் ஆயருக்கும் அவர்பின் வருபவர்களுக்கும் மதிப்பும் கீழ்ப்படிதலும் காட்டுவதாக அவர் வாக்குறுதி தருகிறார். தக்க தடை ஏதும் இல்லாதபோது, ஆயர் ஒப்படைக்கும் பணியை ஏற்க அவர் கடமைப்பட்டவர்.

இந்த இணைப்பின் காரணமாகத்தான் பங்கு மாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே மறைமாவட்டத்துக்குள் நடக்கிறது. பழைய பதவியையும் புதிய பதவியையும் கொடுக்கும் அதிகாரம் ஒருவரிடமே இருக்கும்போதுதான் அவர் மாற்றல் ஆணை பிறப்பிக்க முடியும். வேறு மறைமாவட்டத்துக்குப் போவது முற்றிலும் தனியான நடைமுறை. இணைப்பை விடாமலே சில காலம் அங்கே பணியாற்ற அனுமதி பெறலாம். அல்லது ஒரு மறைமாவட்டத்திலிருந்து விடுவிக்கும் மடலும் மற்றொன்றில் சேர்க்கும் மடலும் பெற்று முழுமையாக மாறலாம்.

சுருக்கமாகச் சொன்னால், குரு என்ற நிலை ஆளோடு போகிறது. பங்குத்தந்தை என்ற பதவி பங்கிலேயே இருக்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் இனி வருவது எதுவும் கடினமில்லை.

சட்டம் விரும்புவது மாற்றத்தை அல்ல

பணிமாற்றத்தை இயல்பான சுழற்சி என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்: சட்டம் தொடங்கும் இடம் மாற்றம் அல்ல, நிலைத்திருத்தல். பங்குத்தந்தை உறுதிப்பாட்டோடு இருக்க வேண்டும், ஆகவே அவர் காலவரையறையின்றி நியமிக்கப்பட வேண்டும் என்கிறது 522ஆம் சட்டம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் நியமிப்பது விதிவிலக்கு. அந்நாட்டு ஆயர் பேரவை ஓர் ஆணையின் மூலம் அனுமதித்திருந்தால்தான் ஆயர் அவ்வாறு செய்யலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆயர் பேரவை 1984இல் 6 ஆண்டுக் காலத்தை அப்படி அனுமதித்தது. விதிவிலக்காக வந்தது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டதால், முதலில் இருந்த விதி மறந்துபோயிற்று.

இந்த விருப்பத்தின் வேர் மிகப் பழையது. கி.பி. 325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கத்தின், அதாவது ஆயர்களின் பொதுக் கூட்டத்தின், 15ஆம் விதி, ஆயரோ குருவோ திருத்தொண்டரோ ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு மாறக் கூடாது என்றே தடை விதித்தது. அப்படி மாறினால் அந்த ஏற்பாடு செல்லாது, அவர் எந்தத் திருச்சபைக்காகத் திருநிலைப்படுத்தப்பட்டாரோ அங்கேயே திருப்பி அனுப்பப்பட வேண்டும். காரணமும் அந்த விதியிலேயே இருக்கிறது: இடம் மாறுவதால் குழப்பங்களும் பிளவுகளும் எழுந்தன. பெரிய நகரின் செல்வாக்கான இருக்கையைத் தேடி ஓடும் ஆசைக்குப் போட்ட கடிவாளம் என்றே அதை வாசிக்கத் தோன்றுகிறது. அக்காலத்தில் ஊர்விட்டு ஊர் மாறுவதில் மக்கள் கண்ட ஆபத்து பதவி ஆசை. இன்று அதே மாற்றத்தைத் தண்டனை என்று பார்க்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் திரிதெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குக்கும் தனக்கென ஒரு நிலையான மேய்ப்பர் இருக்க வேண்டும் என்பதையும் அவர் மக்களோடு தங்கியிருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பு பங்குத்தந்தையரை இரு வகையாகப் பிரித்தது: அகற்றத்தக்கவர்கள், அகற்றவியலாதவர்கள். இரண்டாம் வகையினரையும் கடும் காரணம் இருந்தால் முறைப்படி நீக்கலாம் என்பதால் அந்தப் பெயர் சற்று மிகை. ஆயினும் அவர்களை விருப்பத்துக்கு மாறாக இடம் மாற்ற வேண்டுமானால் ஆயருக்கு உரோமையின் சிறப்பு அதிகாரம் தேவைப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட ஆயர்களின் மேய்ப்புப்பணி பற்றிய ஏடு இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. ஆன்மாக்களின் நலன் கேட்கும் அளவுக்கு ஒவ்வொரு பங்குத்தந்தையும் உறுதிப்பாட்டை அனுபவிக்கட்டும், அதே நலன் கேட்டால் ஆயர் எளிய முறையில் மாற்றவும் இயலட்டும் என்பது அதன் நிலைப்பாடு. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு இதைத்தான் விதிகளாக்கியது.

ஆகவே பங்குத்தந்தை ஓரிடத்தில் நீண்ட காலம் இருப்பதற்குச் சட்டம் காரணம் கேட்பதில்லை. அவரை அங்கிருந்து எடுப்பதற்குத்தான் காரணம் கேட்கிறது.

மாற்றம் நிகழும் மூன்று வழிகள்

முதலாவது வழி ஒப்புதல். ஆயர் அழைத்துப் பேசுகிறார், அல்லது எழுதுகிறார். குரு சரி என்கிறார். புதிய நியமன மடல் வருகிறது. மிகப் பெரும்பான்மையான மாற்றங்கள் இவ்வளவுதான். சில மறைமாவட்டங்களில் யாரை எங்கே அனுப்பலாம் என்று ஆராய்ந்து ஆயருக்குப் பரிந்துரைக்கும் குழு ஒன்று இருக்கும். அது உதவிக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு, முடிவெடுப்பவர் ஆயரே.

இரண்டாவது வழி காலம் முடிதல். 6 ஆண்டுகளுக்கு நியமிக்கப்பட்டவரின் காலம் நிறைவடைந்தால் பதவி ஓய்கிறது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நாள்காட்டியில் தேதி வந்ததும் பதவி தானாகப் போய்விடுவதில்லை. காலம் முடிந்துவிட்டது என்று உரிய அதிகாரி எழுத்தில் தெரிவித்த பிறகே அது நடப்புக்கு வருகிறது. அப்படி எழுத்து வராதவரை, காலக்கெடு தாண்டியிருந்தாலும் அவரே பங்குத்தந்தை.

மூன்றாவது வழி ஒப்புதல் இல்லாத மாற்றம். இங்கேதான் சட்டம் நிதானமாக நடக்கிறது, நாமும் அதே நிதானத்தில் பின்தொடர்வோம். 1748 முதல் 1752 வரையிலான ஐந்து சட்டங்களே இதற்கான முழு நடைமுறை.

ஆயர் முதலில் எழுத்தில் முன்மொழிய வேண்டும். பங்கை நல்ல முறையில் நடத்திக்கொண்டிருக்கும் ஒரு பங்குத்தந்தையை, ஆன்மாக்களின் நலன் அல்லது திருச்சபையின் தேவை அல்லது பயன் கருதி, வேறு பங்குக்கோ வேறு பதவிக்கோ மாற்ற விரும்பினால், கடவுள்மீதும் ஆன்மாக்கள்மீதும் கொண்ட அன்பை முன்னிட்டு ஒப்புக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தி வேண்ட வேண்டும் என்கிறது சட்டம். அந்த வாக்கியத்தில் "நல்ல முறையில் நடத்திக்கொண்டிருக்கும்" என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் மாற்றப்படுபவர் நன்றாகப் பணியாற்றுபவர். வாசலில் கேட்ட முதல் பேச்சு இந்த இடத்திலேயே தடுமாறிவிடுகிறது.

குரு உடன்படவில்லை என்றால், தம் காரணங்களை அவரும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உடல்நலம், பாதியில் நிற்கும் கட்டடப் பணி, பங்கில் அப்போதுதான் ஆறத் தொடங்கியிருக்கும் ஒரு பிளவு என்று எதுவாகவும் அது இருக்கலாம். அக்காரணங்களை வாசித்த பிறகும் ஆயர் தம் முடிவில் நின்றால், தனியாக மேலே செல்ல முடியாது. குருக்கள் மன்றம் இதற்காகவே முன்கூட்டித் தெரிந்தெடுத்து வைத்திருக்கும் பங்குத்தந்தையர் குழுவிலிருந்து இருவரோடு அமர்ந்து, மாற்றத்துக்குச் சார்பான காரணங்களையும் எதிரான காரணங்களையும் எடைபோட வேண்டும். அந்த இருவருக்கும் வாக்குரிமையோ தடுப்புரிமையோ கிடையாது. அவர்கள் சொல்வதற்கு மாறாகவும் ஆயர் முடிவெடுக்கலாம். ஆனால் அவர்களைக் கேட்காமலே ஆணை பிறப்பித்தால் அந்த ஆணையின் செல்லுபடியே கேள்விக்குள்ளாகும்.

அதன் பிறகும் மாற்றமே சரி என்று தோன்றினால், உடனே ஆணை இல்லை. தந்தைக்குரிய பரிவோடு மறுபடியும் ஒரு முறை வேண்டிக்கொள்ள வேண்டும். அதுவும் பலிக்காதபோதுதான் மாற்றல் ஆணை வருகிறது. குறிப்பிட்ட ஒரு நாள் கடந்ததும் பங்கு காலியாகக் கருதப்படும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த நாளும் வீணாகக் கடந்தால், பங்கு காலியானது என்று ஆயர் அறிவிப்பார்.

குருவுக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் அதைத் திரும்பப் பெறவோ திருத்தவோ ஆயரையே எழுத்தில் கேட்க வேண்டும்; அவர் மறுத்தால் அடுத்த 15 நாள்களுக்குள் உரோமைக்கு, அதாவது அருள்பணியாளர்களுக்கான திருப்பீடத் துறைக்கு, முறையிடலாம். முறையீடு முடியும்வரை ஆயர் அந்தப் பங்குக்குப் புதிய பங்குத்தந்தையை நியமிக்க முடியாது. தற்காலிகப் பங்கு நிர்வாகியை மட்டுமே வைக்கலாம். மாற்றப்பட்டவரோ அதுவரை பங்குத்தந்தைக்குரிய பணிகளைச் செய்யாமல் விலகி, பங்கு இல்லத்தையும் பொருள்களையும் ஒப்படைக்க வேண்டும். நோயாளியாக இருந்து இடம் பெயர்ந்தால் துன்புறுவார் என்றால், தேவையுள்ளவரை அவரை இல்லத்திலேயே தங்கவிட வேண்டும்.

இந்த நடைமுறை முழுவதையும் முடித்துவைக்கும் 1752ஆம் சட்டத்தில்தான், சட்ட நேர்மையைக் கடைப்பிடித்து, ஆன்மாக்களின் மீட்பைக் கண்முன் வைத்து எல்லாம் செய்யப்பட வேண்டும், அதுவே திருச்சபையில் தலையாய சட்டமாக இருக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற வரி வருகிறது. அந்த வரி மேற்கோளாக எங்கெங்கோ காட்டப்படுகிறது. அது ஒரு பங்குத்தந்தையை இடம் மாற்றுவது பற்றிய விதியின் வால்பகுதி என்பதை மேற்கோள் காட்டுபவர்கள்கூடப் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மூன்றாவது பேச்சுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மறுக்கும் குருவால் மாற்றத்தைத் தாமதப்படுத்த முடியும், காரணம் சொல்லச் செய்ய முடியும், உரோமைவரை கொண்டுசெல்ல முடியும். நடைமுறை சரியாக இருந்து காரணமும் தக்கதாக இருந்தால், இறுதிவரை நிறுத்திவைக்க முடியாது.

மாற்றமும் நீக்கமும் ஒன்றல்ல

பணிமாற்றத்தைத் தண்டனை என்று எண்ணுவதற்குக் காரணம், பதவி நீக்கத்தோடு அதைக் குழப்பிக்கொள்வது. ஒரு பங்குத்தந்தையின் பணி, அவருடைய பெரும் குற்றம் இல்லாமல்கூட, பங்குக்குத் தீங்காகவோ பயனற்றதாகவோ ஆகிவிட்டால் அவரை நீக்கலாம். மீளா உடல் அல்லது மனநலக் குறைவு, மக்களின் நம்பிக்கையை இழத்தல், எச்சரித்த பிறகும் கடமைகளைப் பெரிதும் புறக்கணித்தல், பங்குச் சொத்தை மோசமாக நிர்வகித்துப் பெரும் இழப்பு உண்டாக்குதல் போன்றவை சட்டம் காட்டும் காரணங்கள். இதற்குத் தனி நடைமுறை உண்டு. குற்றம் செய்தவரைத் தண்டிப்பதற்கு முற்றிலும் வேறான மூன்றாவது நடைமுறை இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று கதவுகள். ஒன்றின் வழியாக மற்றொன்றை நடத்தக் கூடாது.

அப்படி நடத்தியதால் விளைந்த கேட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறாரிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட குருக்களை விசாரித்துத் தண்டிப்பதற்குப் பதிலாக, ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்குக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது பல மறைமாவட்டங்களில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் நடந்தவை 2002இல் வெளியானபோது, அதே ஆண்டு டிசம்பரில் அதன் பேராயர் கர்தினால் பெர்னார்டு லா பதவி விலகினார். நன்றாகப் பணியாற்றுபவரை மேலும் தேவைப்படும் இடத்துக்கு அனுப்ப வைத்த கருவி, ஆபத்தானவரை அறியாத மக்களிடம் அனுப்பப் பயன்பட்டது. இதன் பின்விளைவாக, பொறுப்பில் அலட்சியம் காட்டும் ஆயர்களையே பதவி நீக்க வகைசெய்யும் ஆவணத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்டார். முறைகேடுகளைக் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் விதிகளை 2019இல் கொண்டுவந்தார். "ஏன் மாற்றினார்கள்?" என்று மக்கள் கேட்பது வம்பு என்று தள்ளத்தக்கதல்ல என்பதற்கு இந்த வரலாறே போதும். அதே வேளை, காரணம் அறிவிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்தையும் இதே கண்ணால் பார்ப்பது, வழக்கமான முறையில் மாறிச் செல்லும் எண்ணற்ற குருக்களுக்கு இழைக்கும் அநீதி. ஒரு மறைமாவட்டம் தன் மாற்றங்களுக்கான காரணத்தை ஓரிரு வரியிலாவது வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதி ஊகம் எழாது என்பது என் கருத்து.

பதவி விலகலைப் பற்றியும் ஒரு சொல். பங்குத்தந்தை தாமாக விலக விரும்பினால், ஆயர் ஏற்றுக்கொண்ட பிறகே விலகல் செல்லும். பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி, பிரான்சின் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் 1818 முதல் 1859இல் இறக்கும்வரை பணியாற்றியவர். ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஊரைவிட்டுக் கிளம்பிப் போக முயன்றும் திரும்பி வந்தவர். இன்றைய சட்டப்படி 75 வயது நிறைந்த பங்குத்தந்தை விலகல் மடல் தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். ஏற்பதா தள்ளிவைப்பதா என்பது ஆயரின் முடிவு.

இந்தப் பாதுகாப்பு யாருக்கு இல்லை?

மேலே சொன்ன படிகள் மறைமாவட்டக் குருவாக இருக்கும் பங்குத்தந்தைக்கு உரியவை. உதவிப் பங்குத்தந்தையை நியாயமான காரணம் இருந்தால் ஆயர் மாற்றிவிடலாம். இத்தனை படிகள் இல்லை. அதனால்தான் இளம் குருக்கள் குறுகிய இடைவெளியில் மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். துறவற சபையைச் சேர்ந்தவர் பங்குத்தந்தையாக இருந்தால் நிலைமை வேறு. அவரைச் சபைத் தலைவர் முன்மொழிய, அல்லது குறைந்தது இசைவு தர, ஆயர் நியமிக்கிறார். அவரைத் திரும்ப எடுக்கும் உரிமை ஆயருக்கும் உண்டு, சபைத் தலைவருக்கும் உண்டு. ஒருவர் மற்றவருக்கு அறிவித்தால் போதும், ஒப்புதல் வேண்டியதில்லை.

மக்களின் குரலுக்கு இடம் எங்கே?

பங்கு காலியாகும்போது, யாரிடமும் பாரபட்சம் காட்டாமல் தகுதியானவரை நியமிக்க வேண்டும் என்று ஆயரைச் சட்டம் பணிக்கிறது. அதற்கு முன் அவர் மறைவட்ட அதிபரை, அதாவது அருகருகே உள்ள சில பங்குகளின் குருக்களுக்குத் தலைமை தாங்கும் குருவை, கேட்க வேண்டும். தேவை எனக் கண்டால் வேறு குருக்களையும், குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரையும் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதும் கேட்கலாம் என்பதும் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தால் பங்குமக்களின் இடம் தெளிவாகும். பங்கு மேய்ப்புப்பணிக் குழு ஆலோசனை அமைப்பு; பங்குத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ தடுத்து நிறுத்தும் உரிமையோ அதற்கு இல்லை.

ஆயினும் தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களிடம் தெரிவிக்கும் உரிமை எல்லா நம்பிக்கையாளர்களுக்கும் உண்டு என்று 212ஆம் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆயருக்கு எழுதும் மடல் அந்த உரிமையின் வெளிப்பாடு. எத்தனை கையெழுத்து இருந்தாலும் அது ஆணையைத் தானாக நிறுத்தாது. என் பார்வையில், "எங்கள் சாமியாரை விட்டுவிடுங்கள்" என்று எழுதுவதைவிட, "எங்கள் பங்கில் இன்னின்ன பணிகள் பாதியில் இருக்கின்றன, வருபவர் இவற்றை அறிந்திருக்க வேண்டும்" என்று எழுதும் மடலுக்கே கூடுதல் எடை இருக்கும். ஏனெனில் ஆயர் எடைபோட வேண்டியது ஆன்மாக்களின் நலனைத்தான்.

ஒப்படைப்பு, இடைவெளி, பொறுப்பேற்பு

மாற்றம் அறிவிக்கப்பட்ட நாளும் அது நடப்புக்கு வரும் நாளும் ஒன்றல்ல. பொது விதி இதுதான்: குரு புதிய பதவியைச் சட்டப்படி ஏற்கும் கணத்தில்தான் பழைய பதவி காலியாகிறது. வேறுவிதமாக ஆயர் குறிப்பிட்டிருந்தால் அதன்படி நடக்கும். அதுவரை பழைய பங்குக்கு முழுப் பொறுப்பும் அவருடையதே. பழைய பதவிக்குரிய ஊதியமும் அதுவரை அவருக்குச் சேரும்.

ஒப்படைப்பு வேலை பங்கு அலுவலக மேசையில் நடக்கிறது. திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, ஆவணப் பெட்டியின் சாவி, வங்கிக் கணக்கு, வரவு செலவுக் கணக்கு, நிலப் பத்திரங்கள் என்று ஒவ்வொன்றாக வரும். நிர்வாகப் பொறுப்பை ஏற்பவர் பணி தொடங்குமுன் அசையும் பொருள், அசையாப் பொருள் எல்லாவற்றுக்கும் துல்லியமான பட்டியல் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. திருக்கிண்ணங்களும் கதிர்ப்பாத்திரமும் எண்ணப்படும்; பட்டியலின் ஒரு படி பங்கில் இருக்கும், மற்றொன்று ஆயரகத்துக்குப் போகும். பங்குத்தந்தையின் கையில் தரப்படும் காணிக்கை, மாறானது மெய்ப்பிக்கப்படாதவரை, பங்குக்கே தரப்பட்டதாகக் கருதப்படும் என்பதும் விதி. பிரியாவிடையின்போது அவருக்கென்றே தரும் அன்பளிப்பை அப்படித் தெளிவாகச் சொல்லித் தருவது நல்லது. பின்னால் வீண் பேச்சு வராது.

பழையவர் போய்ப் புதியவர் வராத இடைவெளியில் உதவிப் பங்குத்தந்தை பொறுப்பை ஏற்கிறார். பலர் இருந்தால் நியமனத்தில் மூத்தவர். ஆயர் விரைவில் பங்கு நிர்வாகி ஒருவரை நியமிப்பார். நிர்வாகிக்குப் பங்குத்தந்தையின் கடமைகளும் உரிமைகளும் உண்டு, ஆனால் வரப்போகும் பங்குத்தந்தையின் உரிமையைப் பாதிக்கும் எதையும் அவர் செய்யக் கூடாது.

புதியவர் ஆயராலோ ஆயரின் சார்பாளராலோ பதவியில் அமர்த்தப்படுகிறார். நம்பிக்கை அறிக்கையும் விசுவாச வாக்குறுதியும் அவர் செய்ய வேண்டும். வழிபாட்டு நூல் காட்டும் சடங்கில் அவர் கோயிலுக்குள் இடம் இடமாக அழைத்துச் செல்லப்படுகிறார்: தலைமை இருக்கை, நற்கருணைப் பேழை, திருமுழுக்குத் தொட்டி, பாவமன்னிப்பு வழங்கும் ஒப்புரவு அருளடையாள இருக்கை. அந்தச் சிறு நடையில் அவர் ஏற்கும் பணிகளின் பட்டியல் முழுவதும் அடங்கிவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், திருப்பலியில் பங்கேற்பது கடமையான கடன்திருநாளும் தம் மக்களுக்காகத் திருப்பலியை ஒப்புக்கொடுக்க அவர் கடமைப்பட்டவர்.

சுருக்கம்: அறிவிப்பு வந்ததால் பழையவர் அதிகாரம் இழப்பதில்லை, அவர் தம் புதிய பதவியை ஏற்ற நொடிமுதல், அல்லது ஆயர் குறிப்பிட்ட நாள்முதல், பழைய பங்கில் அவருக்குப் பங்குத்தந்தை என்ற அதிகாரம் இருப்பதில்லை.

பழைய பங்குத்தந்தை திருமணத்துக்குத் திரும்பி வந்தால்

பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் சிக்கல் இங்கே இருக்கிறது. மாறிச் சென்ற குரு பழைய பங்கில் திருப்பலி நிறைவேற்றலாம். தம் ஆயர் தந்திருக்கும் பொதுவான உரிமையைக் கொண்டு ஒப்புரவு அருளடையாளமும் வழங்கலாம். திருமுழுக்கு அளிக்க உரிய அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் அளித்தாலும் அது செல்லும், முறையல்ல என்பதுதான் குறை. திருமணம் மட்டும் அப்படி அல்ல. கத்தோலிக்கத் திருமணம் செல்லுபடியாக, அந்த இடத்தின் ஆயரோ பங்குத்தந்தையோ, அல்லது அவர்களுள் ஒருவரிடமிருந்து அதிகாரப் பகிர்வு பெற்ற குருவோ திருத்தொண்டரோ, இரு சாட்சிகளுக்கு முன்னிலையில் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அதிகாரப் பகிர்வு என்பது தம் பதவிக்குரிய ஓர் அதிகாரத்தை ஒருவர் மற்றொருவருக்கு வெளிப்படையாக வழங்குவது.

பழைய பங்குத்தந்தை அந்தப் பங்கின் பொறுப்பில் இருந்த நாளில், அதன் எல்லைக்குள் இந்த அதிகாரம் அவருக்குப் பதவியாலேயே இருந்தது. இப்போது இல்லை. மணப்பெண்ணுக்குத் திருமுழுக்கு அளித்தவர், புதுநன்மை வழங்கியவர், அந்தக் கோயிலையே கட்டி எழுப்பியவர் என்ற எதுவும் இந்தக் குறையை ஈடுசெய்யாது. பகிர்வு பெறாமல் அவர் நடத்தினால், பொது விதிப்படி திருமணத்தின் செல்லுபடியே போய்விடும்.

தீர்வு மிக எளிது. திருமணத்துக்குமுன் இப்போதைய பங்குத்தந்தை, இன்ன குருவுக்கு, இன்னாரின் திருமணத்துக்கு என்று பெயர் குறிப்பிட்டு அதிகாரத்தைப் பகிர்ந்தால் போதும். ஒரே ஒரு திருமணத்துக்கானது என்றால் வாய்மொழியாகத் தந்தாலும் செல்லும். எழுத்தில் தந்தால் பிற்காலத்தில் ஐயம் எழாது. திருமணம் முடிந்ததும், அது நடந்த பங்கின் பதிவேட்டில் மணமக்கள், சாட்சிகள், திருமணத்தை முன்னின்று நடத்தியவர் ஆகியோரின் பெயர்களும் இடமும் நாளும் எழுதப்பட வேண்டும். பகிர்வு பெற்று நடத்தினார் என்ற குறிப்பையும் அதே வரியில் சேர்த்துவிடும்படி வீட்டார் பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.